ஏரி எத்தனை அடி? – கடலூர், சிதம்பரம் பகுதியின் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வரலாறு

1758 ஜூன் 24ஆம் தேதி லண்டனில் வெளியான ஒரு வாரக் கட்டுரையில் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு பழைய கிண்டலை எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயர் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் வானிலையைத்தான் பேசுவார்கள் என்பது அந்தக் கிண்டல். அவர் தம் மக்களுக்காகப் பரிந்து பேசினார். உலகின் பல பகுதிகளில் மழையும் வெயிலும் தத்தம் காலத்தில் தவறாமல் வந்துபோகின்றன, அங்கே அதைப் பேச ஒன்றுமில்லை, இங்கிலாந்தின் வானம்தான் நாளுக்கொரு முகம் காட்டுகிறது என்பது அவர் வாதம். அது அச்சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 2ஆம் தேதி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை லாலியின் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்திருந்தது. கப்பலில் செய்தி போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது. ஜான்சனுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்தக் கோட்டையில் இருந்த அவர் நாட்டவரைக் கேட்டிருந்தால், காலம் தவறாத வானத்தைப் பற்றி வேறு கதை சொல்லியிருப்பார்கள். 1749 ஏப்ரலில் இதே கரையில் அடித்த புயலில் ‘நாமூர்’, ‘பெம்புரோக்’ என்ற இரண்டு போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கின. கொள்ளிட முகத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடிக்கத் தரைவழியே போய்க்கொண்டிருந்த படை பரங்கிப்பேட்டைப் பக்கம் அதே காற்றில் சிக்கி, கூடாரங்களையும் பொதிமாடுகளையும் பறிகொடுத்தது. ஏப்ரல் என்றால் சித்திரை. அடைமழைக்குப் பெயர்போன ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

ஜான்சன் சொன்ன விதி சரி என்றே வைத்துக்கொள்ளலாம்: எது நிச்சயமில்லையோ அதைத்தான் மனிதர்கள் தினமும் பேசுகிறார்கள். அந்த விதியை இங்கிலாந்துக்கு மட்டும் எழுதிவைத்ததுதான் அவர் பிழை. கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றுக்கிடைப்பட்ட கிராமங்களிலும் காலையில் எதிர்ப்படும் இருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது விளங்கும். மழை வருமா, ஏரி எத்தனை அடி, சாப்ட்டாச்சா, என்ன குழம்பு, வேலை ஆச்சா, கரண்ட் வந்துடுச்சா, ராத்திரி அந்தத் தொடர் பார்த்தியா. இவற்றை நாம் ‘சும்மா பேச்சு’ என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் கேட்பவர் கையில் இல்லாத ஒன்றைப் பற்றியது. வானம் அவர் கையில் இல்லை; அணையின் மதகும், உலைக்கான அரிசியும், மின்கம்பியும் அவர் கையில் இருந்ததில்லை. ஒரு ஊர் எதையெதை நம்பிப் பிழைத்தது என்பதற்கு அதன் அன்றாடப் பேச்சைப்போல நேர்மையான சாட்சி வேறில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். புதிதாக ஒரு சார்பு வந்து சேரும்போதெல்லாம் பேச்சில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது. பழைய கேள்வி அழியாமல் அதன் அடியில் கிடக்கிறது.

மிகப் பழைய அடுக்கு வானம். கிராமத்து வாயில் அது இன்றும் ‘மானம்’தான், ‘மானம் கறுத்துகிட்டு வருது’ என்றால் மழை. இந்த அடுக்கில் பழமொழிகளும் பஞ்சாங்கமும் இருக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், ஐப்பசியில் அடைமழை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்று மாதவாரியாக ஒரு கணக்கு. மார்கழியில் மேகம் ஓடும் விதத்தைப் பார்த்து வரும் ஆண்டின் மழையைக் கணிக்கும் ‘கர்ப்போட்டம்’ என்ற வழக்கமும் உண்டு. இவ்வளவு கணக்கு இருக்கும்போது தினமும் ஏன் கேட்க வேண்டும்? கணக்கு தவறிய நாட்கள்தான் இந்தக் கரையின் வரலாறு. 1749இல் சித்திரையில் புயல். 1972 டிசம்பரில், கார்த்திகையின் பிற்பகுதியில், கடலூர் அருகே ஒரு கடும்புயல். 2011 டிசம்பர் 30 விடியலில், கார்த்திகை முடிந்து மார்கழி பாதியை நெருங்கிய நேரத்தில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாமரங்களும் வேரோடு சாய்ந்தன. பழமொழி சொல்வது பல தலைமுறைகளின் சராசரி. சராசரியை நம்பி நாற்றங்கால் விடலாம், ஆனால் கட்டுமரத்தைத் தள்ள முடியாது. அன்றைக்கு என்ன என்பதை அன்றைக்குத்தான் கேட்டாக வேண்டும். பழமொழி பொய்த்ததால் அன்றாடப் பேச்சு வீணாகிவிடவில்லை. பழமொழி பொய்க்கும் என்று தெரிந்ததால்தான் அந்தப் பேச்சே தேவைப்பட்டது.

கடற்கரைப் பேச்சும் வயல்காட்டுப் பேச்சும் இங்கே பிரிகின்றன. தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. ‘என்னா மாமா, பாடு எப்படி?’ என்பது கரையேறுகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. பாடு என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்த மீன். பட்ட பாடும் அதே சொல்லில் அடங்கிவிடுகிறது. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், குமராட்சி வட்டாரத்துக்கு வந்தால் கேள்வி தரையைப் பார்க்கிறது: தண்ணி வந்துச்சா? இது காவிரியின் கடைமடை. உள்ளூர் வானம் பளிச்சென்று இருந்தாலும் குடகில் மழை பெய்ததா என்று கவலைப்பட வேண்டிய ஊர். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. சோழர் காலத்து வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாக அங்கிருந்து தண்ணீர் வருகிறது. ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு 120 அடி என்ற இன்னொரு எண்ணும் சேர்ந்தது. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறப்பார்களா என்ற பேச்சு டீக்கடை டீக்கடையாக ஓடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு சுவரில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பது, ‘நல்லாருக்கீங்களா’வுக்கு அடுத்தபடி கேட்கப்படும் கேள்வியாக இங்கே மாறியிருக்கிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகத் தொடங்கியது. அன்றிலிருந்து ‘ஏரி எத்தனை அடி’ என்பதில் நமக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியும் உள்ளடங்கியிருக்கிறது.

அடுத்த அடுக்கு அரசாங்கத்தின் எண். 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, 1865இல் அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான அடையாள முறை வந்தது. பகலில் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவக் கூடுகள்; இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். கூடுகளைப் பார்த்த தமிழர் அதற்குக் ‘கூண்டு’ என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒன்றாம் எண் என்றால் எங்கோ நடுக்கடலில் தாழ்வுநிலை. மூன்று என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். பத்து என்றால் கடும்புயல் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடக்கப்போகிறது. கப்பல் தலைவர்களுக்காக வகுத்த இந்தக் குறியீட்டை, கப்பலேறியே பார்த்திராத மக்களும் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டதுதான் விந்தை. ‘கடலூர்ல மூணாம் நம்பர் ஏத்திட்டாங்களாம்’ என்று பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் எண்ணுகிறவர் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் களத்து நெல்லை மூடுவார், இன்னொருவர் ரேஷன் மண்ணெண்ணெயை வாங்கிவைப்பார். அரசு ஏற்றியது ஒரு கம்பத்தில். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது வாய்.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். 1923இல் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர், டிரோப்ரியண்ட் தீவுகளில் தாம் கண்டதை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். நலம் விசாரிப்பதும் வானிலை பேசுவதும் செய்தி சொல்வதற்காக அல்ல. மௌனம் மனிதர்களுக்கு அச்சமூட்டுகிறது, அதை உடைத்து ஒரு பிணைப்பை உண்டாக்கவே அப்படிப் பேசுகிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பொருள் முக்கியமில்லை என்றார். மொழியியல் படித்த எவரும் ‘சாப்ட்டாச்சா’வை இந்தக் கணக்கில்தான் வைப்பார்கள். இதில் பாதி உண்மை. சாப்ட்டாச்சா என்று கேட்கிறவர் எல்லோரும் சோறு போடப்போவதில்லை. ‘ஆச்சு’ என்பதைத் தவிர வேறு பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் பொருளற்ற சொல் என்றால் எந்தச் சொல்லாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே. தேவனாம்பட்டினத்தில் ஏரி எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. காட்டுமன்னார்கோயிலில் பாடு எப்படி என்று கேட்டால் விழிப்பார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பாடு என்ற கேள்வி கரையிலேயே அடங்கிப்போய், வலை சரிபண்ணியாச்சா, நிவாரணப் பணம் வந்துச்சா என்று மாறிவிடுகிறது. பிணைப்பு மட்டுமே நோக்கம் என்றால் கேள்வி இவ்வளவு துல்லியமாக இடத்தையும் பருவத்தையும் பின்தொடர வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது முறை பதில் தேவையில்லாமல் போகலாம். பத்தாவது முறை ‘இன்னும் இல்ல’ என்ற பதில் வரும்போது கேட்டவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். அந்த ஒரு முறைக்காகத்தான் மற்ற ஒன்பது முறையும் வழி திறந்துவைக்கப்படுகிறது.

வீட்டு வேலை பற்றிய பேச்சில் இது இன்னும் தெளிவு. மழையும் வேலையும் தனித்தனித் தலைப்புகள் என்று நினைப்பவர் மொட்டைமாடியில் வத்தல் போட்டிருக்க மாட்டார். இந்தப் பகுதியின் வேலைகளில் பெரும்பாதி வெயிலைக் கடன் வாங்கிச் செய்பவை. கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாடு காய வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை காய வேண்டும். களத்தில் நெல், முற்றத்தில் மிளகாய், கயிற்றில் துணி. கூழ் காய்ச்சி வடகம் பிழிகிற பெண் விடியற்காலையில் பக்கத்து வீட்டைப் பார்த்து ‘அக்கா, இன்னிக்கு வெயில் நிக்குமா?’ என்று கேட்பதற்குள் ஒரு நாள் உழைப்பின் கணக்கு இருக்கிறது. மாவு கரைத்தபின் மேகம் வந்தால் அத்தனையும் பூசணம் பிடித்துப்போகும். அக்காவின் பதில், அவர் வீட்டு மாடியில் அன்று என்ன காய்கிறது என்பதே. பிழிந்துவிட்டார் என்றால் தைரியமாகப் பிழியலாம். தூறல் விழுந்தால் யார் வீட்டு மாடியில் யார் ஓடி அள்ளுவது என்ற உடன்பாடும் அந்தச் சில சொற்களில் முடிந்துவிடுகிறது. எழுதிவைக்காத வேலைப் பங்கீடு இது. பெண்கள் கூடிப் பேசுவதை வம்பு என்று எழுதிவைத்தவர்கள், அந்த வம்பில் எத்தனை படி மாவு காப்பாற்றப்பட்டது என்று எண்ணிப்பார்த்ததில்லை.

ஆனால் இந்தப் படத்தை இனிப்பாகவே தீட்டிவிடக் கூடாது. யார் யாரைக் கேட்கலாம் என்பதற்கு இந்த மண்ணில் எல்லைகள் இருந்தன. சிதம்பரத்தின் நான்கு தேர்வீதித் திண்ணைகளில் உட்கார்ந்து ஏரியையும் மழையையும் அலசும் உரிமை ஊரில் எல்லோருக்கும் இருந்ததில்லை. ‘வேலை ஆச்சா?’ என்ற கேள்வி சமமானவர்களுக்கிடையே அக்கறை. பண்ணையார் கேட்டால் அது கட்டளை. இதற்குத் தமிழ் இலக்கியத்தில் உள்ள மிகக் கூர்மையான சாட்சி இதே வட்டாரத்துக் கதைதான். ஆதனூர் நந்தனைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய கீர்த்தனை நாடகத்தில், சிதம்பரம் போக அனுமதி கேட்கும் நந்தனிடம் பண்ணையாரான வேதியர் போடும் நிபந்தனை நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்பது. பெரிய புராணத்தில் இந்த வேதியர் இல்லை. பண்ணைக் கூலிமுறையை நேரில் பார்த்த நூற்றாண்டு சேர்த்த பாத்திரம் அவர். ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே அதைப் பெயராகப் பெற்றவரின் கதையில், வேலை முடிந்ததா என்ற ஒரு கேள்விதான் ஊருக்கும் கோயிலுக்கும் நடுவே மதிலாக நிற்கிறது. ஆகவே அன்றாடப் பேச்சு எல்லோரையும் இணைத்தது என்று சொன்னால் அது பொய். ஆனாலும் இந்த மறுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. பேச்சு சார்பின் பதிவு என்றால், யார் யாரைச் சார்ந்து கிடந்தார்கள் என்ற கசப்பும் அதில் பதிந்துதானே ஆக வேண்டும்? அதே கேள்வியை யார் எந்தக் குரலில் கேட்டார்கள் என்பது நிலப்பட்டாவில் எழுதப்படாத செய்தி.

சாப்பாட்டுக் கேள்விக்கு வருவோம். ‘சாப்ட்டாச்சா’ பஞ்சம் கற்றுக்கொடுத்த கேள்வி என்று சிலர் எழுதுவதுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாதுவருஷப் பஞ்சத்தைக் காட்டுவார்கள். கடலூர்ப் பகுதியில் அதற்கு வலுவான துணைச்சாட்சியும் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் வந்தாலும் கேட்கும் கேள்வி சாப்பிட்டாயா என்பது ஒன்றுதான்; ஊர் என்ன, சாதி என்ன என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் பஞ்சம்தான் காரணம் என்று முடிப்பதில் ஒரு தடை உண்டு. சீனரும் இதைத்தான் கேட்கிறார்கள், மலாய்க்காரரும் ‘சுடா மாக்கான்?’ என்கிறார்கள். அரிசியுண்ணும் ஆசியாவில் பரவலாக உள்ள கேள்வியை ஒரு பஞ்சத்தின் தலையில் கட்ட முடியாது. தருமச்சாலை திறந்த பின் ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பஞ்சம் வந்தது. நடந்திருக்கக்கூடியது இதுதான்: கேள்வி பழையது, பசி அதற்குக் கனம் சேர்த்தது, வடலூர் அதை வாசல் மரியாதையிலிருந்து ஒரு கொள்கையாக உயர்த்தியது.

அந்தக் கனம் எப்போது குறைந்தது என்பதையும் தேதி போட்டுச் சொல்லலாம். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மேட்டுநிலத்தில் கம்பங்கூழும் கேழ்வரகும் அன்றாடம், நெல்லுச்சோறு பண்டிகை என்றிருந்த காலம் அதிகத் தொலைவில் இல்லை. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2008இல் ரேஷனில் கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆனது. 2011இல் இலவசமே ஆனது. அதற்குப் பின் ‘சாப்ட்டாச்சா’ மெல்ல மெல்ல மரியாதைச் சொல்லாக ஒதுங்க, ‘என்ன குழம்பு?’ முன்னுக்கு வந்தது. சோறு இருக்குமா என்ற ஐயம் போனபின்தான் எதைப் பிசைந்து சாப்பிடுகிறாய் என்ற ஆவல் பொதுக் கேள்வியாக முடியும். இதற்கான பதிலிலும் ஊர் தெரிகிறது. நெத்திலிக் கருவாடு என்றால் கடலில் காற்று சரியில்லை, பச்சை மீன் வரவில்லை என்று கொள்ளலாம். சிதம்பரத்துக் கொத்சு என்றால் கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளி கரைத்துவிட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்த பொடி தூவி இறக்குவது. கோயிலில் மிளகு சீரகம் மணக்கும் சம்பா சாதத்தோடு சேர்ந்த அது, வீடுகளில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வந்துவிட்டது. ‘கொத்சா?’ என்று கேட்பவர் பாதி சமையலையும் பாதி நடராசரையும் விசாரிக்கிறார்.

சாயங்காலம் என்ன பார்த்தோம் என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் இளையது என்று தோன்றும். உண்மையில் பொருள்தான் இளையது, பழக்கம் பழையது. சிதம்பரத்தில் மாலை என்பதே பார்ப்பதற்கான நேரம். ஆறுகால பூஜையில் சாயரட்சையும் அர்த்தசாமமும் ஊரின் கடிகாரமாக இருந்தன. வடக்கே கிராமங்களில் பங்குனி, சித்திரையில் தெருக்கூத்து. விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் களத்தில் துரியோதனனைப் பற்றிப் பேசாமல் வேலை ஓடாது. பிறகு டூரிங் டாக்கீஸ், பிறகு வானொலி. 1939இல் திருச்சி நிலையம் தொடங்கியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடலைத் தாண்டி இந்தக் கரையெல்லாம் கேட்டது. கேட்பது பேச்சைக் கொன்றுவிடும் என்று அன்றும் பயந்தவர்கள் உண்டு. ஆனால் 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகியகால நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு காவிரிப் படுகையில் பரப்பியபோது, விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. விதையின் பெயரை எண்ணிலிருந்து ரேடியோவுக்கு மாற்றியது நிலையமல்ல. ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு வரப்பில் நின்று பேசிய வாய்கள்.

தொலைக்காட்சியின் கதையும் இப்படித்தான். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் திரைப்படம் என்று வாரத்துக்கே அது ஒரு புது நாட்காட்டி போட்டுக்கொடுத்தது. பெட்டி இருந்த வீடு ஒன்று, அதன் கூடத்தில் தெருவே உட்காரும். யார் வீட்டுக் கூடத்தில் யார் நுழையலாம் என்ற பழைய சிக்கல் அங்கேயும் வாசலில் நின்றது. 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபின் அந்தக் கூடம் கலைந்தது, கூடவே அந்தச் சிக்கலும் தளர்ந்தது. ஐந்தாண்டு கழித்து மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்ந்ததும் பேச்சில் இன்னொரு கேள்வி தலைமையேற்றது: கரண்ட் எப்ப வரும்? அதே மாவட்டத்து நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. இருந்தும் 2008க்குப் பின் சில ஆண்டுகள் மின்வெட்டு நேரத்தை மனப்பாடம் செய்துதான் மாவு ஆட்ட வேண்டியிருந்தது. தானே புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கிராமங்களில் பார்க்க ஒன்றுமில்லை, ஆட்ட ஒன்றுமில்லை. அப்போது வாசலில் உட்கார்ந்த மக்கள் பேசியது எதை? எந்தத் தெருவுக்குக் கம்பம் நட்டார்கள், எத்தனை முந்திரி மரம் போயிற்று, நிவாரணக் கணக்கு எடுக்க யார் வந்தார்கள். சார்புகளின் பட்டியலை மின்சாரமில்லாத அந்த இரவுகளில் ஊரே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது.

இன்றைய மறுப்பு வேறு. ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டது, மழை வருமா என்று திரையைத் தொட்டால் தெரியும், பக்கத்து வீட்டு அக்கா எதற்கு? இதற்குப் பதில் கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லையிலுள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரில் இருக்கிறது. 1998 முதல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அமைத்த அறிவு மையங்களில் ஒன்று அங்கேயும் இருந்தது. கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வழக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் அங்கே கேட்ட சுனாமிச் செய்தியால் கலங்கி வீட்டுக்குப் போன் போட்டார். கடல் உள்ளே வருவதாக வீட்டார் சொன்னார்கள். ஊரைக் காலிசெய்யச் சொல்லுங்கள் என்றார். மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள், ஊர் பிழைத்தது. அதே காலையில் கடலூர் மாவட்டக் கரையோரத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நல்லவாட்டில் கருவிகள் இருந்தன, ஆனால் கருவிகள் மட்டும் போதவில்லை. வீட்டாரைக் கூப்பிட்டு அங்கே எப்படி இருக்கு என்று கேட்கும் பழக்கமும், ஒலிபெருக்கியில் வரும் உள்ளூர்க் குரலை நம்பி ஓடும் பழக்கமும் முன்பே வேரூன்றியிருந்தன. அத்தகைய பழக்கம் ஆபத்து நாளில் உண்டாவதில்லை. எந்த ஆபத்தும் இல்லாத ஆயிரம் நாட்களில் உண்டாகிறது. பேச்சு வதந்தியையும் சுமக்கிறதே என்றால், சுமக்கத்தான் செய்கிறது. ஆனால் நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30இல், மறுபடி அலை வருகிறது என்று தமிழகக் கரை முழுவதையும் பதறி ஓடவைத்த தவறான எச்சரிக்கை டீக்கடையிலிருந்து வரவில்லை, டெல்லியிலிருந்து வந்தது.

துறைமுகக் கூண்டுகளில் பத்துதான் கடைசி எண் என்று பலர் நினைக்கிறார்கள். பதினொன்றும் உண்டு. பத்து எண்களும் காற்றைப் பற்றியவை. பதினொன்று மட்டும் வேறு. வானிலை மையத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பது அதன் பொருள். குறியீட்டை வகுத்தவர்கள் கடும்புயலுக்கும் மேலான இடத்தை ஒரு மௌனத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலையில் முடிவு எடுக்கும் பொறுப்பையும் கரையில் நிற்கும் மனிதரின் கண்ணிடமே விட்டிருக்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் மழை வருமா, ஏரி எத்தனை அடி, சாப்ட்டாச்சா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கண்ணைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.